புதிய மான்ஸ்டர் மேனுவல்: எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவது?

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகளைத் திருத்தியபோது, மூன்று அடிப்படைப் புத்தகங்களில் கடைசியாக வந்தது, எதிரிகளாக வரும் மான்ஸ்டர்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவல். 2025 பிப்ரவரியில் வெளியானது. 500-க்கும் மேல் மான்ஸ்டர்கள் இருப்பதால், எல்லாவற்றையும் 2014 பதிப்போடு ஒப்பிட்டு முடிப்பது நடக்கிற காரியம் இல்லை. டிஎம்-ஆக (டன்ஜன் மாஸ்டர்), அதாவது கதையையும் மான்ஸ்டர்களையும் இயக்கி ஆட்டம் நடத்துகிறவனாக, என் அளவுகோல் ஒன்றுதான்: எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் சண்டை போடும் விதமே மாறுமா? மாறும் என்றால் அந்தப் பக்கத்தை ஊன்றிப் படிக்கிறேன்.

எல்லோரும் முதலில் சிவப்பு டிராகனுக்குத்தான் போவார்கள். வயது முதிர்ந்த சிவப்பு டிராகனின் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) 546-லிருந்து 507 ஆகியிருக்கிறது, சில மந்திரங்கள் சேர்ந்திருக்கின்றன. நெருப்பு மூச்சின் சேதத்துக்கு அதே 26 பகடைதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது ஓநாய் மனிதனை. 2014-ல் வெள்ளி பூசாத சாதாரண வாள் அதன் மேல் ஒரு கீறல்கூடப் போடாது. வெள்ளியோ மந்திர ஆயுதமோ இல்லாத வீரன் சும்மா நிற்க வேண்டியதுதான், மந்திரவாதி மட்டும் ஆடிக்கொண்டிருப்பார். இப்போது அந்தத் தடையே கிடையாது. பதிலுக்கு ஹிட் பாயிண்ட் 58-லிருந்து 71 ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம் கடி. கடிபட்டவர் சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் பகடையில்) தோற்றால் சாபம் பிடிக்கும். அந்தச் சாபத்தோடு ஹிட் பாயிண்ட் 0-க்கு விழுந்தால் மயங்கிக் கிடக்க மாட்டார். 10 ஹிட் பாயிண்டோடு ஓநாய் மனிதனாக எழுந்து, டிஎம் சொல்கிறபடி நண்பர்கள் மேலேயே பாய்வார். முன்பு சாபம் என்பது சண்டை முடிந்த பிறகு வரும் கவலை. இப்போது அது சண்டையின் நடுவிலேயே வந்து நிற்கிறது. புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இது.

சாதாரண ஓநாயையும் விட்டுவிடாதீர்கள். முன்பு அது கடித்தால், கீழே விழாமல் தப்பிக்கப் பகடை உருட்டலாம். இப்போது கடி பட்டாலே ஆள் தரையில். ஆட்டம் வேகமாகிறது, ஆனால் முதல் நிலைக் குழுவுக்கு இது கொஞ்சம் கொடுமைதான். நான் ஓநாய்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொள்வேன்.

அடுத்தது லிச், அதாவது செத்தும் சாகாமல் நடமாடும் மந்திரவாதி. 135 ஹிட் பாயிண்ட் 315 ஆகியிருக்கிறது. பழைய லிச்சிடம் நீண்ட மந்திரப் பட்டியல் இருந்தும், அதைப் பயன்படுத்தும் முன்பே செத்துவிடும். இப்போது ஒரு முறைக்கு மூன்று தாக்குதல், அதையும் 120 அடி தூரத்திலிருந்தே செய்யலாம். பெரிய வில்லனுக்கு இதுதான் பொருத்தம்.

டராஸ்க் என்ற ராட்சத மிருகத்தின் விஷயத்தில் பாதி திருப்திதான். வானில் பறந்தபடி அம்பு விட்டால் அதனால் ஒன்றுமே செய்ய முடியாது என்பது பழைய குறை. இப்போது 150 அடிக்குப் பாயும் ஒரு கர்ஜனை கொடுத்திருக்கிறார்கள், சராசரி சேதம் 78. ஆனால் லாங்போ (நீண்ட வில்) 600 அடி வரை எட்டுமே! ஆக, உயரப் பறப்பவர்கள் இன்னும் தப்பிக்கலாம்.

குறை என்றால் இரண்டு. ஆர்க், டிரோ ஆகிய இனங்களுக்குத் தனிப் பக்கமே இல்லை, வேறு பொதுவான பாத்திரங்களை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. அப்புறம், எல்லாம் அகர வரிசையில் இருப்பதால் டீமன்கள் ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன. பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம், பெயர் தெரியாத புதியவர்தான் திண்டாடுவார்.

வாரா வாரம் ஆட்டம் நடத்துகிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சண்டையில் யார் முறை முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் எண்ணை ஒவ்வொரு மான்ஸ்டரோடும் அச்சிட்டிருப்பதே பெரிய உதவி. எப்போதாவது ஆடுகிறவர் என்றால், 2025 ஏப்ரலில் இலவசமாக வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பை முதலில் பாருங்கள். நான் சொன்ன ஓநாய் மனிதன், லிச், டராஸ்க் மூன்றும் அதிலேயே இருக்கின்றன.