வியாசர்பாடி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்: மாமியாரின் மாத்திரை அட்டை

மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மெட்ஃபார்மின், அம்லோடிபின் இரண்டையும் மாதந்தோறும் இங்கேதான் வாங்குகிறோம். காசு கேட்பதில்லை. "வெறும் வயிற்றோடுதானே வந்தீர்கள், அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் செவிலியர் ரத்தம் எடுக்கிறார். மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதி.

இந்த மாத்திரை தானாக வந்துவிடவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்குகிறது. வாங்குபவர் ஒருவராக இருந்தால் விலையை அவரால் பேச முடியும். தனியாக நிற்கும் நோயாளியால் முடியுமா?

அறுவை சிகிச்சை என்று வந்தால் கதை வேறு. என் கணவரின் சிறுநீரகக் கல்லுக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முன்பணம் கட்டிய பிறகே படுக்கை கொடுத்தார்கள். நாங்கள் பிரீமியம் கட்டிய காப்பீட்டு நிறுவனமோ 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று கையை விரித்தது. வளையலை அடகு வைத்தேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் குடும்பம் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதற்காக அது பணக்காரக் குடும்பமா?

தைவான் 1995இல் எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வரம்பே வேண்டாம், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

வியாசர்பாடிக்காரர்கள் இந்த நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். சர்க்கரைப் பரிசோதனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பழைய சீட்டை மறக்க வேண்டாம்.