ஏலக்காயை ஜூமில் காட்டி விற்க முடியுமா? ஒரு சீசன் பார்த்த பிறகு

போடியில் ஏலக்காய் விலை பேசுவதென்றால் சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, காதோரம் குலுக்கிக் கேட்டுத்தான் பேசுவோம். மாமாவுக்குப் பூப்பாறைப் பக்கம் தோட்டம். புத்தடி, போடி ஏலத்துக்குப் போவது போக, கோவை, ஈரோடு, சென்னை கடைக்காரர்களுக்கு நேரடியாகவும் கொடுக்கலாமே என்று போன சீசனில் ஜூம் வழியாகக் கூட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தோம்.

முதலில் காசு விஷயம். இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம், ஆனால் நேரம் 40 நிமிடம்தான். சரக்கைக் காட்டி முடித்து விலைப் பேச்சுக்கு வரவே அரை மணி நேரம் ஆகிவிடும் என்பதால் வியாபாரத்துக்கு அது போதாது, கட்டணக் கணக்கு எடுத்துவிடுங்கள்.

இனி சத்தம். நன்றாகக் காய்ந்த காய் குலுக்கினால் கலகலவென்று விதை ஆடும், அதைக் கேட்டால்தான் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். முதல் கூட்டத்தில் மாமா மைக் பக்கத்தில் வைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, "மாப்ள, ஒண்ணுமே கேக்கலங்கிறாங்கடா" என்றார். மின்விசிறி, கீபோர்டு சத்தத்தை அமுக்கிப் பேச்சை மட்டும் தெளிவாக அனுப்பத்தான் ஜூமில் இரைச்சல் குறைப்பு வசதி வைத்திருக்கிறார்கள், நம் காயின் சத்தமும் அதற்கு இரைச்சல்தான். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் குலுக்கியதும் ஈரோட்டுக்காரர் "இன்னொரு தடவை குலுக்குங்கண்ணா" என்று கேட்டார் பாருங்கள், அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

நிறம் இன்னும் கஷ்டம். டியூப்லைட் வெளிச்சத்தில் நல்ல பச்சைக் காய்கூட வெளிறித் தெரியும். பகல் வேளையில் ஜன்னலோரம் தட்டை வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் ஓர் அடி ஸ்கேலும் வையுங்கள். தாளோடு ஒப்பிட்டு நிறத்தைக் கணிக்கலாம், 8 எம்.எம். காய் என்று நாம் சொல்வதை அவர்களே அளந்தும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு போனையும் அதே கூட்டத்தில் சேர்த்துத் தட்டுக்கு நேர் மேலே நிறுத்தி, அதன் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊளைச் சத்தம்தான்.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது ஜூமுக்கு வெளியே செய்த ஒரு காரியம். 2 நாள் முன்னதாகவே ஆளுக்கு 100 கிராம் சாம்பிள் கூரியரில் அனுப்பி, கூட்டம் தொடங்கும்வரை பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் உறையைக் கிழித்து முகர்ந்து பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், ஜூமிலேயே வாக்கெடுப்பு நடத்தும் 'போல்' (Poll) போட்டு எந்த லாட் (சரக்குத் தொகுதி) பிடித்தது என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. 20 ஸ்லைடு போட்டு ஏலக்காயின் வரலாறு சொல்லியிருந்தால் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள்.

ஒரு நாள் மெட்டுப் பக்கம் பெருமழை, எங்கள் பிராட்பேண்ட் போய்விட்டது. குமுளியில் இருந்த எங்கள் கூட்டாளியை இணை ஹோஸ்ட்டாகப் போட்டிருந்ததால் கூட்டம் அறுபடாமல் அவர் கைக்குப் போனது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

கட்டணக் கணக்குக்கு மேல் தனியாகப் பணம் கட்டி வாங்கும் 'வெபினார்' வசதி தேவையா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஆட்கள் வருமுன் உள்ளேயே ஒத்திகை பார்க்கலாம், கேள்விகள் தனி இடத்தில் வரிசையாகச் சேரும், யார் எத்தனை நிமிடம் இருந்தார் என்று பின்னால் அறிக்கையும் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பேருக்கு ஒருவர் மட்டும் பேசுவதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் பார்க்க வந்தவர் முகம் நமக்குத் தெரியாது. காயை முகர்ந்ததும் ஆளின் புருவம் எப்படிப் போகிறது என்று பார்த்து விலை சொல்கிற எங்களுக்கு சாதாரண மீட்டிங்தான் சரி, இந்த சீசனும் அதையேதான் வைத்திருக்கிறோம்.