ஊற்றுப்பேனாவுக்கு எந்த ரெசின்: பாலியஸ்டரா, எபாக்சியா, பாலியூரித்தேனா?

பால்பாயிண்ட் பேனா கடைபவர்கள் நல்லது என்று சொல்லும் ரெசினை (அச்சில் ஊற்றி இறுகவைத்துக் கடையும் திரவப் பிளாஸ்டிக்) அப்படியே ஊற்றுப்பேனாவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. உலோகப் பாகங்கள் தயாராக வரும் கிட் பேனாவில் ரெசினுக்குள் பித்தளைக் குழாய் இருக்கும், பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். கிட் இல்லாமல் முழுக்க லேத்தில் செய்யும் ஊற்றுப்பேனாவில் ரெசினிலேயே மரை வெட்ட வேண்டும். மூடிக்குப் பலரும் வெட்டுவது 13 மி.மீ. அளவில் மும்முனை மரை, அதாவது மூன்று இழைகள் சேர்ந்து ஓடும், சில திருகலிலேயே திறக்கும் மரை. அந்த இடத்தில் சுவர் ஒரு மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும். எழுத உட்காரும்போதெல்லாம் அதைத்தான் திருகித் திறக்கிறோம். அதனால் மரை நிற்குமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. நிறமும் பளபளப்பும் அப்புறம்.

பாலியஸ்டர் மூன்றிலும் மலிவு. ஃபைபர் கிளாஸ் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும், ஆனால் அங்கே சாதாரணமாகக் கொடுப்பதில், இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்திருந்தால் இளஞ்சிவப்புச் சாயல் வரும். தெளிவான வார்ப்பு ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கோபால்ட்டைத் தனியாக வாங்கினால், அதையும் எம்.இ.கே.பி. என்னும் ஹார்டனரையும் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும், அதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நொறுங்கும் சுபாவம். உளி கொஞ்சம் மழுங்கினாலும் சில்லு சில்லாகத் தெறிக்கும், மரையின் முதல் சுற்று பெயர்ந்து வரும். அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்னும் கரைப்பானின் நெடி வேறு. வீட்டுக்குள் ஊற்றுவதை நினைத்தே பார்க்காதீர்கள்.

எபாக்சியில் நெடி குறைவு. மெதுவாக இறுகுவதால் குமிழிகள் மேலே வந்து வெளியேற நேரம் இருக்கும். முதல்முறை ஊற்றுகிறவர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான். பேப்பர் வெயிட்டுக்குச் சரி, பேனாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கைவினைக் கடைகளில் கிடைக்கும் பல எபாக்சிகள் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். துளை போடும்போது டிரில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். சீவல் பிசுபிசுவென்று ஒட்டும், மரையின் முனை மழுங்கும். மே மாத வெயிலில் காருக்குள் விட்ட பேனா வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. இன்னொன்று, நெடி இல்லை என்பதால் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள். ஹார்டனர் தோலில் படப்பட ஒவ்வாமை வரும், வந்தால் லேசில் போகாது.

என் தேர்வு பாலியூரித்தேன். அலுமிலைட் கிளியர் ஸ்லோ என்ற தயாரிப்பு இதில் பெயர்பெற்றது. இரண்டு பாகங்களையும் எடைக்கு எடை சமமாகக் கலக்க வேண்டும். கலந்தபின் கையில் இருப்பது சுமார் 12 நிமிடம். கடையும்போது சீவல் ரிப்பனாக நீண்டு வரும், மரை கூர்மையாக விழும், கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. இரண்டு நிறங்களைச் சுழித்து ஊற்றவும் இதுவே தோது. கலவை தானே சூடேறிக் கெட்டியாகத் தொடங்கும் நேரம் பார்த்து, சுமார் 45 டிகிரியில் ஊற்றினால் நிறங்கள் கரைந்துபோகாமல் தனித்தனி அலையாக நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்!

இதற்கு எதிரி ஈரம். இதன் ஒரு பாகத்தில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும், பிளாங்க் (கடைவதற்கு வார்த்த கட்டை) முழுக்க நுரைத்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் திறந்த டப்பாவை அப்படியே வைக்கக் கூடாது. நிறப்பொடியும் அச்சும் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, எபோனைட் (கெட்டி ரப்பர்) கம்பி வாங்கிக் கடையலாமே என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா என்ற பேனா நிறுவனங்கள் பெயர் வாங்கியது எபோனைட்டில்தான். மரைக்கு அதைவிடச் சாதுவான பொருள் கிடையாது. ஆனால் ஒளி ஊடுருவும் நிறமும் முத்துப் பளபளப்பும் அதில் வராது, வெயில் பட்டால் மங்கும்.

பாலியூரித்தேனுக்குப் பிரஷர் பாட் (காற்றழுத்தம் ஏற்றும் மூடிய பாத்திரம்) கட்டாயம். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இறுகும்வரை வைத்தால்தான் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கும். பெயிண்ட் அடிக்கும் டேங்கை மாற்றிப் பயன்படுத்துவதானால் அதில் குறித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள், சேஃப்டி வால்வைக் கழற்றாதீர்கள். பாட் வாங்க வசதி இல்லையா, இப்போதைக்குப் பாலியஸ்டரில் உளியை நன்றாகத் தீட்டி, மரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.