கட்டார் உலகக் கிண்ண ஜெர்சிகள்: தொலைவில் தெரிந்தவையும் அருகில் மட்டுமே தெரிந்தவையும்

ஒரு நாட்டின் காற்பந்து ஜெர்சியைப் பெரும்பாலானோர் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அரங்கின் உயரத்தில் பொருத்தப்பட்ட படக்கருவி காட்டும் சிறு உருவமாகவே அதைக் காண்கிறார்கள். 2022ஆம் ஆண்டு கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்தின் முதல் இரு சுற்றுக் குழு ஆட்டங்கள் மலேசிய நேரப்படி மாலை 6 மணி, இரவு 9 மணி, நள்ளிரவு 12 மணி, அதிகாலை 3 மணி என நான்கு வேளைகளில் தொடங்கின. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரத்து மாமாக் கடைகளில் கடைசி வரிசை நாற்காலியில் அமர்ந்து அகண்ட திரையைப் பார்த்தவருக்கு, எந்த அணி எது என்பதைச் சொன்னது ஜெர்சிதான். ஆட்டக்காரரின் முகமோ மார்பில் இருந்த சின்னமோ அல்ல. ஆகவே விளம்பரப் படங்களில் அழகாக இருந்தவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போடுவது சரியான அளவுகோல் ஆகாது என்று கருதுகிறேன். தொலைவில் நாடு தெரிய வேண்டும். அருகில் வந்தால் அதற்கு மேலும் ஒன்று தெரிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அணிந்து நடக்கவும் முடிய வேண்டும். இந்த வரிசையிலேயே அந்தப் போட்டியின் ஜெர்சிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் வைக்க வேண்டிய இணை அர்ஜெண்டினாவும் குரோஷியாவும். இரண்டுமே புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லாத நாடுகள். ஒன்றுக்கு வெளிர்நீல வெள்ளைக் கோடுகள், மற்றதற்குச் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள். குரோஷியாவின் கட்டங்கள் அந்நாட்டு அரசுச் சின்னத்திலிருந்து வந்தவை. அவற்றைக் காற்பந்து ஜெர்சிக்குக் கொண்டுவந்தவர் ஓவியர் மிரோஸ்லாவ் ஷுதெய். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் ஜாக்ரெபில் அமெரிக்காவுக்கு எதிராக அணி களமிறங்கியபோதே அந்தக் கட்டங்கள் இருந்தன. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து இன்னும் தனி நாடாகாத நிலையில், உலகம் தன்னை அடையாளம் காண வேண்டும் என்று ஏங்கிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு அமைந்திருக்க முடியாது. காற்பந்து வரலாற்றிலேயே ஒரே பார்வையில் நாட்டைச் சொல்லும் ஜெர்சி எது என்று கேட்டால், நான் தயங்காமல் குரோஷியாவைத்தான் சொல்வேன்.

ஆயினும் 2022இல் நைக்கி தந்த வடிவம் அந்த வலிமையைக் குறைத்துவிட்டது. கட்டங்கள் பெரிதாக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் அவை ஜெர்சி முழுவதையும் நிரப்பாமலும் சமச்சீர் இல்லாமலும் அமைந்ததால், ஆட்டக்காரர் திரும்பும்போதெல்லாம் வெள்ளைப் பரப்பு மேலோங்கி, கட்டம் உடைந்துபோனதாகவே தோன்றியது. மாற்று ஜெர்சியின் நிலை இன்னும் மோசம். கருநீலத்தின் மேல் சற்றே ஒளிர்ந்த நீலக் கட்டங்கள் அருகில் பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் டிசம்பர் 13ஆம் தேதி அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடம் 0-3 எனத் தோற்ற ஆட்டத்தில் அதை அணிந்திருந்த குரோஷியா, திரையில் பெயரற்ற ஒரு கருநீல அணியாகவே தெரிந்தது. கட்டம் இல்லாத குரோஷியாவை அடையாளம் காண எண்ணையோ முகத்தையோ தேட வேண்டியிருந்தது. அந்த நாட்டுக்கு அப்படி ஒரு நிலை நேரவே கூடாது.

அர்ஜெண்டினாவுக்கு அடிடாஸ் செய்ததோ ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதுவே அதன் சிறப்பு. அகலமான கோடுகள், தோளில் கறுப்பாக மூன்று பட்டைகள், பின்கழுத்துக்குக் கீழே தேசியக் கொடியில் உள்ள மே மாதச் சூரியன் ஆகிய இவ்வளவே. சூரியன் தொலைவில் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அது வாங்கி அணிபவருக்கான செய்தி. டிசம்பர் 18ஆம் தேதி நம் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கிய இறுதியாட்டத்தில் வெளிர்ந்த கோடுகள் ஒரு பக்கமும் பிரான்ஸின் கருநீலம் மறுபக்கமும் நின்றபோது, நிற வேறுபாடு குறித்து யாரும் ஒரு நொடிகூடக் குழம்பியிருக்க மாட்டார்கள். 3-3 என முடிந்து, பெனால்டியில் 4-2 என அர்ஜெண்டினா வென்ற பிறகு, சின்னத்தின் மேல் உலகக் கிண்ண வெற்றியைக் குறிக்கும் மூன்றாவது நட்சத்திரம் சேர்ந்தது. குரோஷியாவின் எண்ணம் உயர்ந்தது. ஆனால் அந்தப் போட்டியில் தன் மரபை ஒழுங்காக உடுத்திக்கொண்டு வந்தது அர்ஜெண்டினாதான்.

அடுத்த இணை, கதை சொல்லும் துணிகள்: ஜப்பானும் மெக்சிகோவும். இரண்டுக்கும் தயாரிப்பாளர் அடிடாஸ்தான் என்பதால், ஒரே பட்டறை இரு பண்பாடுகளை எப்படிக் கையாண்டது என்பதை ஒப்பிட இது நல்ல வாய்ப்பு. மெக்சிகோவின் மாற்று ஜெர்சி, வெண்மை கலந்த மங்கிய நிறத்தின் மேல் அடர்சிவப்புக் கோட்டோவியங்களால் நிறைந்தது. மெக்சிகோவின் பழங்குடியினரான மிஷ்டெக் மக்களின் பழங்கலையைத் தழுவியது. கையில் எடுத்துப் பார்த்தால் வாசித்துக்கொண்டே இருக்கலாம். 32 நாடுகளின் ஜெர்சிகளிலும் துணி என்ற அளவில் அதுவே முதலிடம் பெறும் என்பது என் உறுதியான எண்ணம். நம் பெண்கள் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் புடவையின் முந்தானையை விரித்துப் பார்ப்பதைப் போல, அந்த ஜெர்சியையும் விரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோடுகள் தொலைவில் ஒன்றோடொன்று கலந்து, இன்னதென்று சொல்ல முடியாத இளஞ்சிவப்புப் புள்ளிகளாகக் கரைந்துவிடும். மெக்சிகோ என்றால் உலகம் அறிந்தது பச்சை. அந்தப் பச்சையும் இல்லாத நிலையில் ஓவியத்தின் உழைப்பு திரையை எட்டவில்லை.

ஜப்பானுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருள் காகித மடிப்புக் கலை. நீலத்தின் வெவ்வேறு அடர்த்திகளையும் வெள்ளையையும் கூர்முனைகளாக உடைத்து, மடித்துப் பிரித்த தாளின் தோற்றத்தை ஜெர்சி முழுவதும் பரப்பியிருந்தார்கள். இங்கே வேறுபாடு நுட்பமானது: மெக்சிகோவின் ஓவியம் மெல்லிய கோடுகளால் ஆனது, ஜப்பானின் வடிவம் பரப்புகளால் ஆனது. கோடு தொலைவில் மறையும், பரப்பு மறையாது. அதனால்தான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் தலா 2-1 என வென்ற அந்த அணியின் நீலம் தட்டையாக இல்லாமல், ஓடும்போது அசைவதாகத் தோன்றியது. அருகில் வந்தால் மூன்று கால் காகம் பொறித்த சங்கச் சின்னம் இருக்கிறது. ஜெர்மனியை வென்ற பிறகு ஜப்பான் அணியினர் உடைமாற்றும் அறையைத் துப்புரவாக்கி, காகிதத்தில் மடித்த 11 நாரைகளை விட்டுச் சென்றதை நினைத்தால், அந்தக் கருப்பொருள் விற்பனைக்காக ஒட்டவைத்த கதை அல்ல என்பதும் விளங்கும். வீட்டில் மாட்டி வைக்க மெக்சிகோ, ஆட்டம் பார்க்க ஜப்பான். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஜப்பானையே எடுப்பேன்.

ஜெர்மனியையும் பிரான்ஸையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1908ஆம் ஆண்டின் முதல் தேசிய அணியை நினைவூட்டும் வகையில், வெள்ளை ஜெர்சியின் நடுவே தடித்த கறுப்புப் பட்டை ஒன்றை ஜெர்மனி இறக்கியது. எவ்வளவு தொலைவிலும் தவறாது தெரிந்த ஒற்றைக் கோடு அது. குழுச் சுற்றிலேயே அணி வெளியேறியதால் அந்த ஜெர்சியும் விரைவில் மறக்கப்பட்டது வருத்தத்துக்குரியது, ஏனெனில் தோல்வியில் துணிக்குப் பங்கில்லை. பிரான்ஸின் கருநீலமும் பொத்தான் வைத்த கழுத்துப் பட்டியும் பொன்னிறச் சேவலும் கண்ணியமானவை. மொத்தத்தில் விருந்துக்கு அணியும் சட்டையின் நேர்த்தி.

டென்மார்க்கின் சிவப்பு ஜெர்சியை அழகால் மட்டும் அளப்பது நியாயமாகாது. கட்டாரில் அரங்குகளைக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலையையும் அங்குள்ள மனித உரிமை நிலையையும் கண்டித்து, ஹம்மல் நிறுவனம் தன் முத்திரையையும் சங்கச் சின்னத்தையும் ஜெர்சியின் நிறத்திலேயே கரைத்துவிட்டது. மூன்றாவது ஜெர்சிக்குத் துக்கத்தின் நிறமாகக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தது. தன் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே பணம் செலுத்தும் ஒரு நிறுவனம், உலகின் மிகப் பெரிய மேடையில் தன் பெயரை மறைத்துக்கொண்டது. இதற்கு எதிரே பெல்ஜியத்தின் மாற்று ஜெர்சியை வைக்கலாம்: அதன் கழுத்துப் பட்டியின் உட்புறம் அன்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது; அதை நீக்கச் சொல்லிவிட்டது ஃபிஃபா. கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் மட்டுமே தெரியும் சொல்லுக்குத் தடை வந்தது. ஜெர்சி முழுவதும் பரவிய மௌனத்தைத் தடுக்க வழியில்லாமல் போனது. வடிவமைப்பின் வலிமை என்ன என்பதற்கு அந்தப் போட்டியில் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. நேப்பாளத் தொழிலாளர்கள் காவல் காக்கும் அடுக்குமாடிகளில் வாழும், வங்காளதேசத் தொழிலாளர்கள் எழுப்பிய கோபுரங்களின் நிழலில் நடக்கும் கோலாலம்பூர்வாசிகளான நமக்கு, அந்தச் சிவப்பு ஜெர்சி சொன்னது தொலைதூரத்துச் செய்தி அல்ல.

பூமாவின் மாற்று ஜெர்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கானா, செனகல், மொரோக்கோ, செர்பியா, சுவிட்சர்லாந்து, உருகுவே எனப் பல நாடுகளுக்கும் மார்பின் நடுவே ஒரு கட்டமோ வடிவமோ வரைந்து, அதற்குள் எண்ணைப் பொருத்தும் ஒரே அமைப்பையே அந்த நிறுவனம் தந்தது. எண் அச்சிடாமல் வாங்கியவருக்கு நடுவில் காலியான ஒரு சட்டம் மட்டும் மிஞ்சியது. ஆறு நாடுகளுக்கு ஆறு வரலாறுகள் இருக்க, ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே நிறுவனம் மொரோக்கோவின் முதன்மை ஜெர்சிக்கு, 1998ஆம் ஆண்டு ஜெர்சியை நினைவூட்டிச் சிவப்பின் குறுக்கே பச்சைப் பட்டை கொடுத்திருந்தது. அது கொடியின் இரு நிறங்களையும் தொலைவிலேயே சொன்னது. அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமையை மொரோக்கோ பெற்றது அந்தப் போட்டியில்தான்.

இனி அணிவது. வெப்பத்துக்கும் ஜெர்சிக்கும் உள்ள பகை புதிதல்ல. 1986ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அர்ஜெண்டினாவின் நீல மாற்று ஜெர்சி கனமாக இருந்ததால், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதிக்குச் சற்று முன்னர் மெக்சிகோ நகரக் கடையொன்றில் இலேசான நீல ஜெர்சிகளை வாங்கி, சின்னத்தைத் தைத்து, வெள்ளி நிற எண்களை ஒட்டி அணிந்தார்கள். மரடோனா அன்று அணிந்திருந்த ஜெர்சி 2022ஆம் ஆண்டு மே மாதம் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அவசரத்தில் கடையில் வாங்கிய துணி, ஒரு பெரும் வடிவமைப்பாளரும் எட்டாத இடத்தை எட்டியது.

இன்று கடைகளில் பெரும்பாலான நாடுகளின் ஜெர்சியும் ஆட்டக்காரர் வகை, ரசிகர் வகை என இரண்டாகக் கிடைக்கிறது. முதல் வகையின் துணி மெல்லியது, உடலை ஒட்டிய வெட்டு, சின்னம் சூடேற்றி ஒட்டப்பட்டது, விலையும் கணிசமாகக் கூடுதல். இரண்டாம் வகையில் வெட்டு தளர்வானது, சின்னம் பெரும்பாலும் பூத்தையலால் ஆனது. இலேசான துணிதான் நம் வெயிலுக்கு ஏற்றது என்று கடையில் சொல்வார்கள்; நான் உடன்படுவதில்லை. தொடர்ந்து ஓடும் உடலுக்காகத் தைத்த ஜெர்சி, உட்கார்ந்து தே தாரிக் அருந்தும் உடலில் வியர்வையோடு ஒட்டிக்கொள்ளும். தளர்வான வெட்டில் காற்று புகும். சுயசேவை டோபியில் சூடான உலர்த்தியில் போடும் வழக்கம் உள்ள வீடுகளில் ஒட்டிய சின்னமும் எண்ணும் விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். பூத்தையல் அதைத் தாங்கும். ஆகவே எந்த நாடாக இருந்தாலும் ரசிகர் வகையையே வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. ஒட்டிய எண்ணுள்ள ஜெர்சியாக இருந்தால் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்நீரில் துவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

இத்தனையையும் பார்த்த பிறகு நம் மலேசியத் தேசிய அணியான ஹரிமாவ் மலாயாவின் ஜெர்சியை ஒப்பிடாமல் விட மனம் வரவில்லை. 2022இல் தென் கொரியா தன் சிவப்பு ஜெர்சியின் தோள்களில் புலிவரிகளைக் கறுப்பில் தீட்டியிருந்தது. தொலைவிலும் அவை தெரிந்தன. புலி நமக்கும் உரியது. மஞ்சளும் கறுப்பும் அதன் இயல்பான நிறங்கள். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் தலைமையில் 2010ஆம் ஆண்டு புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 எனவும், இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 எனவும் வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றிய அணியின் நிறம் அது. 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் அதே தென் கொரியாவுடன் 3-3 எனச் சமன் கண்ட அணியின் நிறமும் அதுவே. இவ்வளவு வலுவான நிறச் சேர்க்கை கையில் இருக்கும்போது, புலிவரியை மஞ்சளோடு மஞ்சளாக மங்க அச்சிடுவது வீண். நம் வரிகள் மார்பின் குறுக்கே முழுக் கறுப்பில், ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். முதுகில் எண்ணுக்கு மட்டும் மஞ்சள் இடம் விட்டால் போதும். புக்கிட் ஜாலிலின் மேல்தட்டில் அமர்ந்திருப்பவருக்கும் அவை எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரிய வேண்டும்.