டீசல் தொட்டி: நிரப்பி நிறுத்துவதா, வடித்து நிறுத்துவதா?

கனடாவின் சஸ்காட்செவன் போன்ற சமவெளி மாகாணங்களில் குளிர்கால வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நிறுத்தப்படும் டிராக்டரின் டீசல் தொட்டியை வடித்துவிடலாம். அல்லது நிரப்பி வைக்கலாம்.

வடித்துவிட்டால் எரிபொருள் நின்று கெட்டுப்போகும் கவலை இல்லை. ஆனால் காலித் தொட்டிக்குள் புகும் காற்றின் ஈரம், வெப்பநிலை ஏறி இறங்கும்போதெல்லாம் சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்து, இரும்பை உட்புறமிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. வசந்தத்தில் எரிபொருள் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

நிரப்பி நிறுத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் நிரப்புவது குளிர்கால டீசலாகவே இருக்க வேண்டும். கோடை டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். நிரப்பியபின் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினால்தான் புதிய டீசல் வடிகட்டியையும், எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பையும் சென்றடையும். இதை மறந்தால் நிரப்பியதன் பயனில் பாதி போய்விடும். வெப்பம் ஏறும்போது டீசல் விரியும் என்பதால், 400 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 20 லிட்டருக்கு இடம் விடுவது நல்லது.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் பாகம்) உள்ள சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு மட்டும், பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து அதன் நுண்துளைகளை அடைப்பதால், வடித்துவிடுவதே ஏற்றது.