கொடையா, இரவலா, வீட்டிலேயே காப்பதா? நேட்டால் தமிழர் வீடுகளின் பழம்பொருட்கள்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிவந்த 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தனர். அவர்கள் கொண்டுவந்த செம்பு, குத்துவிளக்கு, தாலி ஆகியவையும், இங்கே அவர்களுக்குத் தரப்பட்ட ஒப்பந்தக் காகிதங்களும், எண்ணிக்கையில் குறைந்தாலும், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றை அருங்காட்சியகத்துக்குத் தரலாமே என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கருமித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் இம்மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது. நகராட்சித் தொழிலாளர் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் 1960களில் கலைக்கப்பட்டபோது, தூக்கிச் செல்ல முடிந்ததுதான் மிஞ்சியது. அப்படி மிஞ்சிய பொருளை இன்னொரு கையெழுத்துக்காக விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் எளிதில் மனம் வரும்?

முழுக் கொடையில் உரிமை நிறுவனத்துக்கு மாறிவிடுகிறது. பொருளுக்குப் பதிவு எண்ணும் நிரந்தர இடமும் கிடைக்கும். காட்சியில் வைப்பதா, கிடங்கில் வைப்பதா என்பதை அதன்பின் குடும்பம் முடிவு செய்ய இயலாது. காகிதங்களுக்கு இதுவே சிறந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன். டர்பனின் ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். அதைவிட வருத்தம் தருவது, பல வீடுகளில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாததால், பாட்டனார் எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்கே தெரியாதிருப்பது. டர்பனின் '1860 பாரம்பரிய மையம்', குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையம் போன்ற இடங்களுக்கு அது சென்றால், படிக்கத் தெரிந்த ஓர் ஆய்வாளரின் கண்ணில் படுவதற்கு வாய்ப்பாவது உண்டு.

இரவலாகத் தருவதில் உரிமை நம்மிடமே இருக்கிறது. காலம், காப்பீடு, திரும்பப் பெறும் முறை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனக்குச் சொந்தமில்லாத பொருளை முடிவில்லாமல் பராமரிப்பதை அருங்காட்சியகங்கள் பொதுவாக விரும்புவதில்லை. இரவல் கொடுத்தவர் இறந்துபோனால், வாரிசுகளில் யார் கேட்டுப் பெறுவது என்ற வழக்கும் எழும். ஆகவே ஐந்தாண்டு போன்ற குறுகிய காலத்தையும், வாரிசாக ஒரே ஒருவர் பெயரையும் குறிப்பிட்டுக் கொடுப்பதே நல்லது.

மூன்றாவது வழி, பொருளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு படத்தையும் அதன் கதையையும் மட்டும் பதிவுக்குத் தருவது. பூசையிலிருக்கும் விளக்குக்கும் தாலிக்கும் இது பொருந்தும். ஏற்றப்படாத விளக்கை விளக்கென்று நம் பெரியவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் பகுதியில் எத்தனையோ வீடுகளை அடித்துச் சென்றதை நினைத்தால், படமாவது வேறோரிடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நிறுவனத்தின் சுவர்களும் அழியாதவையல்ல. 1985இல் இனாண்டா கலவரத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்த காந்தியின் வீடு அழிந்தது. 2021 ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் எரிந்தது. எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும், கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ரசீது இல்லாமல் எதையும் கைமாற்றாதீர்கள். எங்கள் குடும்பம் ஒரு நிறுவனத்துக்கு வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்த திருமணப் படங்களை, சில ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, அங்கிருந்த எவராலும் கண்டெடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லாப் பொருளுக்கும் ஒரே முடிவு எடுப்பதை விட்டுவிட்டோம். தாத்தாவின் ஒப்பந்தக் காகிதத்தை, நகல் எடுத்துக்கொண்டு, ரசீதுடன் முழுக் கொடையாகத் தந்தோம். செம்பு ஐந்தாண்டு இரவலில் இருக்கிறது. ஆயாவின் குத்துவிளக்கைப் படம் எடுக்க மட்டும் அனுமதித்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அதை இப்போது என் தங்கை ஏற்றுகிறாள்.