ரெப்ளிக்கா ஸ்போர்ட்ஸ் காரை கராஜில் விடப்போகிறவர்கள் கவனத்துக்கு

கண்டிப் பக்கம் 'கிளாசிக் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயரெடுத்த ஒரு கராஜில் காரைக் கொடுத்து, பணத்தோடு என்ஜினையும் பறிகொடுத்திருக்கிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. மலைநாட்டில் இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் ரெப்ளிக்கா, அதாவது அதே தோற்றத்தில் செய்த நகல். அடியில் இருப்பது வொக்ஸ்வாகன் பீட்டில் சேசி, மேலே ஃபைபர் பொடி. பதிவுப் புத்தகத்திலும் வொக்ஸ்வாகன் என்றுதான் இருக்கிறது. ஒரிஜினல் ஸ்பீட்ஸ்டர் 1954இல் வந்தது. 3000 டொலருக்குள் விற்க ஒரு கார் வேண்டும் என்று அமெரிக்க இறக்குமதியாளர் மேக்ஸ் ஹொஃப்மன் விடாமல் கேட்டதால் செய்தார்கள். விலையை இறக்க முன் கண்ணாடியைத் தாழ்த்தி, கதவுக் கண்ணாடியை எடுத்துவிட்டு, மெல்லிய சீட் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த மொட்டைத்தனம்தான் அதன் லட்சணம்.

அதனால் நான் கேட்டது கொஞ்சம்தான். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், புது வயரிங், சீட் பெல்ட், என்ஜின் ஓவர்ஹோல். நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கியவர்களுக்கு டிஸ்க் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய டிரம் பிரேக் பாதி இறக்கத்திலேயே சூடேறிக் கையை விரித்துவிடும். ஸ்டியரிங், டயல்கள், கார்பரேட்டர், சைலன்சர் சத்தம் எதையும் தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்தேன்.

கார் திரும்பி வந்தபோது டேஷ்போர்டில் டச் ஸ்கிரீன், பருத்த லெதர் சீட், 17 அங்குல அலோய் சக்கரம், ஏதோ சின்ன ஜப்பான் காரிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். என்ஜின் பின்னால் இருக்கிற காருக்கு எதற்கு ஐயா பவர் ஸ்டியரிங்? முன்பக்கம் பாரமே இல்லை, கையால் திருப்பினாலே திரும்பும். கேட்டால், "தம்பி, வர்றவங்க எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. நீங்க மட்டுந்தான் பழசே வேணும்னு நிக்கிறீங்க" என்கிறார் முதலாளி. கேட்காத வேலைக்கும் சேர்த்துத்தான் பில். முழுப் பணத்தையும் எண்ணி வைக்காமல் சாவி தர மாட்டார்களாம். அகல டயர் வளைவுகளில் ஃபைபரை உரசி, மட்கார்டின் உள்விளிம்பு பெயர்ந்து வந்தது தனிக் கதை.

இதெல்லாம் ரசனைக் கோளாறு என்று விட்டுவிடலாம். பிரேக்கை அப்படி விட முடியாது. முன்னால் டிஸ்க் போட்டவர்கள், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பழைய டிரம்முக்கு உரியதாகவே விட்டிருந்தார்கள். அதற்குள் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு ஒன்று உண்டு. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு ஆகவே ஆகாது. காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ரம்பொடை இறக்கத்தில் முதலில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் தரை வரை போய்விட்டது, பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. செகண்ட் கியரும், பின் டிரம்மைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கும்தான் என்னை நிறுத்தின. எதிரே பஸ் வரவில்லை. சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியாத சூடு.

வயரிங்கும் அதே லட்சணம்தான். ஃபைபர் பொடியில் கரண்ட் ஓடாது, ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக எர்த் வயர் இழுத்து சேசியில் கட்ட வேண்டும். இவர்கள் பல்பைப் பொடியில் முறுக்கிவிட்டு, எர்த்தை எங்கோ ஒரே வயரில் ஒட்டவைத்திருந்தார்கள். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கும். நம்மூர்ப் பனிமூட்டத்தில் இது போதும் உயிரை எடுக்க. கார்பரேட்டர் டியூனிங்கும் கண்டி உயரத்துக்குச் செய்தது. 1868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் காற்று மெலிது, அதற்குப் பெற்றோல் அதிகமாகிக் கறுப்புப் புகை தள்ளுகிறது.

என்ஜின் விஷயம் வெளியே வந்தது காப்புறுதி ஆள் படமெடுக்க வந்தபோதுதான். பீட்டில் என்ஜினில் நம்பர், ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே கேஸில் குத்தியிருக்கும். துணியால் எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால் புத்தகத்தில் உள்ள நம்பரே இல்லை. ஓவர்ஹோல் என்ற பெயரில் என்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கோ கிடந்த பழைய என்ஜினுக்குப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். என்ஜின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் காப்புறுதியும் சிக்கல், நாளைக்கு விற்கவும் முடியாது. கழற்றிய டயல்களையும் ஸ்டியரிங்கையும் கேட்டதற்கு, "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். அவற்றுக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

காரை விடும்போது என்ஜின் நம்பரை முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே படமெடுங்கள். கழற்றுகிற சாமான் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க் போடுகிறவரிடம் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவாரா என்று கேளுங்கள். முழித்தால் அடுத்த கராஜைப் பாருங்கள்.

பொலிஸிலும் நுகர்வோர் அதிகாரசபையிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதிகாரசபையின் இலக்கம் 1977. இதற்கிடையில் கண்டிப் பக்கம் யாராவது பீட்டில் என்ஜின் ஒன்றை ஆவணம் இல்லாமல் விற்க வந்தால், வாங்குவதற்கு முன் நம்பரை எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள்.